கவுண்மேந்து

பெற்றோல் இல்லாத நாலாம் கிழமை
ஓட்டோவைப் பூவரசின் கீழே தள்ளிவிட்டு
மண்டூருக்குப் போய் ஓர் ஆடு வாங்கினேன்.
குருமண்வெளிக்கு வாவி கடக்கிற பாதையில்
சைக்கிள்களுக்கு நடுவே நின்று
தண்ணீர் முழுவதையும் பார்த்து அது ஒருமுறை கத்தியது.
குட்டி என் கக்கத்தில் மூத்திரம் விட்டது.
பாதைக்காரன் குட்டிக்குக் காசு வாங்கவில்லை.

பால்மா வரிசையில் நின்று நின்று
கால் வீங்கியவள் சுகிர்தா.
"பாலுக்கா இது?" என்று
ஆட்டை ஒருதரம் சுற்றி நடந்து பார்த்தாள்.

மூன்று நாள்.
கிளிசரியாக் கொப்பு, பலா இலை, தவிடு,
கொடியில் காய்ந்த என் காக்கிச் சட்டையின் ஒரு கை,
மகளின் கொப்பியில்
வாய்ப்பாடு ஏழு வரைக்கும் தின்றது.
தந்தது ஒன்றுமில்லை.
"கவுண்மேந்து" என்று பேர் வைத்தாள் சுகிர்தா.

பதினாறு வருசம் கிளச் பிடித்த இடக்கை இது.
நாலு விரலும் ஒன்றாய் மடங்கும், ஒன்றாய் விரியும்.
அப்படியே காம்பைப் பிடித்தேன்.
பால் மேலே ஏறி மடிக்குள்ளேயே போய்விட்டது.
இழுத்தேன்.
பின்னங்கால் ஒன்று பறந்து வந்து
வாளியை வேலிவரைக்கும் கொண்டுபோனது.

விற்ற நேசமலருக்குப் போன் எடுத்தேன்.
அவள் சிரிக்குமுன்
பின்னால் அவளுடைய ஆடுகள் சிரித்தன.
"இழுக்கப்படாது. மேல பூட்டணும்.
பெருவிரலும் சுட்டுவிரலும்தான் பூட்டு.
மறுகா மத்த விரல், ஒண்டுக்குப் பின்னால ஒண்டு.
முதல் மூணு பீச்சு நிலத்துக்கு.
நகம் வெட்டின நீங்களா?"

வெட்டவில்லை.
வெட்டினேன்.

பூட்டினேன், திறந்தேன், பூட்டினேன்.
சின்னவிரல் தனியே மடங்க மாட்டேன் என்றது.
ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்கிறவர்கள் போல
எப்போதும் மோதிரவிரலைத்
துணைக்கு ஏற்றிக்கொண்டே வந்தது.
அரைமணி நேரம் கழித்து வாளியின் அடியில்
போத்தல் மூடியளவு பால்,
அதில் ஒரு மயிர்.

சலித்துப்போய்க் குட்டியை அவிழ்த்துவிட்டேன்.

அது கெஞ்சவில்லை.
மூக்கால் மடியை இரண்டுதரம் இடித்தது,
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுவது போல.
கவுண்மேந்தின் காதுகள் இறங்கின.
விலா தளர்ந்தது.
வாய் அசைபோடத் தொடங்கியது.
குட்டியின் கடைவாயில் நுரை.

தட்டவேண்டுமா?
இதை நேசமலர் சொல்லவில்லையே.

மறுநாள் வெள்ளென,
வலை போட்டவர்கள் கரைக்குத் திரும்பாத நேரம்,
குட்டியை ஒரு காம்பில் விட்டு
மறுபக்கம் நான் குந்தினேன்.
அது இடித்தபோது நானும்
புறங்கையால் மெல்ல இடித்தேன்.
நெற்றியை விலாவில் சாய்த்தேன்.
உள்ளே ஏதோ நியூற்றலில் ஓடிக்கொண்டிருந்தது.

பூட்டு. நடு. மோதிரம். சின்னன்.
பூட்டு. நடு.
முதல் மூன்றும் நிலத்துக்கு, பூனை வந்தது.
நாலாவது
தகரத்தில் ஆணியால் கோடு கிழித்த சத்தம்.
ஐந்தாவது அதைவிட நீளம்.
எத்தனையாவதில் என்று தெரியாது,
சத்தம் மாறிவிட்டது:
பாலின்மேல் பால் விழுகிறது.
ஒரு மாதமாய் ஒன்றும் ஸ்டார்ட் ஆகாத வளவில்
ஏதோ ஸ்டார்ட் ஆன மாதிரி.

ஒரு கோப்பை தேறியது.
வடித்தோம், காய்ச்சினோம்.
மகள் மணந்து பார்த்து
"ஆடு" என்று தள்ளிவைத்தாள்.
நானும் சுகிர்தாவும் தேத்தண்ணிக்கு ஊற்றினோம்.
இரண்டு மாதம் கறுப்பாகவே இருந்தது
அடியிலிருந்து முகில்போல் எழும்பி
நிறம் மாறுவதை
இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
யாரும் கரண்டி போடவில்லை.

வெளியே குட்டி
தன் பங்குக் கணக்குச் சரியில்லை என்று
படியில் ஏறி நின்று கத்தியது.

இரவு கை வலித்தது.
நித்திரையில் சுகிர்தாவின் மணிக்கட்டைப்
பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பூட்டினேனாம்,
மறுகா ஒன்றன்பின் ஒன்றாக மற்ற விரல்களையும்.
விடிய எழும்பிச் சொன்னாள்:
"சின்னவிரல் இன்னும் பிழை."